அவர் சொன்னதும் நான் சொன்னதும்

பெப்ரவரி 11, செவ்வாய்

இன்றைக்கு நேர்ஸ் வந்து முகமூடியின் பட்டிகளை மாற்றினாள். மூச்சு மெஷினை இனிப் பகலிலும் பூட்ட வேண்டிவரும் என்றாள். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, என் புருசனுடைய கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதலாகக் கேட்டாள்: இப்படியே தொடர அவருக்கு விருப்பமா, அல்லது வேறு ஏதாவது யோசிக்கிறாரா.

அவர் பதில் சொன்னார். நாக்குப் புரளாத அந்தப் பேச்சு இப்போது எனக்கு மட்டும்தான் விளங்கும். மகளுக்குக் கூட விளங்காது.

"போதும். மெஷினைக் கழட்டச் சொல்லு. என்னை விடச் சொல்லு."

நேர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் இங்கிலீசில் சொன்னேன்: களைப்பாக இருக்கிறதாம், ஆனால் நிற்பாட்ட வேண்டாமாம், கடைசிவரை பார்க்கப் போகிறாராம்.

அவருக்கு இங்கிலீசு விளங்கும். எத்தனையோ வருடம் பெற்றோல் ஷெட்டில் காசாளராக நின்ற மனிதர். கண்கள் என்மேல் அப்படியே நின்றன. பிறகு அழத் தொடங்கினார். ஊளை மாதிரி ஒரு சத்தம். தசைகளை ஒவ்வொன்றாய் முடக்கும் இந்த மோட்டர் நியூரோன் வருத்தக்காரர் காரணமில்லாமல் அழுவார்கள், சிரிப்பார்கள் என்பது நேர்ஸுக்கும் தெரியும். சில நேரம் குழம்பியும் போகிறார் என்று நானும் சேர்த்துச் சொன்னேன். அவள் தலையாட்டி எழுதிக்கொண்டாள். போகும்போது என் தோளைத் தொட்டு, உன் கணவர் கொடுத்துவைத்தவர் என்றாள்.

கொடுத்துவைத்தவர்தான்.

பெப்ரவரி 12, புதன்

இரவு நித்திரை வராது என்று நினைத்திருந்தேன். வந்தது. மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

பெப்ரவரி 16, ஞாயிறு

மகள் ஜெனிற்றா புதுப் பழக்கம் ஒன்று தொடங்கியிருக்கிறாள். கிழமை முழுக்க வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் பிள்ளைக்கு ஓய்வு. அப்பாவோடு இருக்க வேண்டும் என்று, தான் பார்க்கும் தாய்லாந்துத் தொடரை முன்னறை ரீவியில் போடுகிறாள். அவருடைய கட்டில் அங்கேதான். கீழே இங்கிலீசு எழுத்து ஓடும். எழுத்து வேகமாய்ப் போனால் நிறுத்தி, தனக்குத் தெரிந்த தமிழில் அப்பாவுக்குக் கதை சொல்லுவாள். அவளுடைய தமிழைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் சொல்லுகிறாள்.

ஆற்றங்கரையில் ஒரு பெரிய வீடு. படகு ஓட்டிப் பணக்காரரான ஒரு கிழவர் பாரிசவாதத்தில் கிடக்கிறார். பேச்சில்லை. மனைவி பார்க்கிறாள். பட்டணத்திலிருந்து பிம் என்று ஒரு நேர்ஸ் பெண் வந்து சேர்கிறாள். கருணைக் கொலைதான் கதையாம். ஜெனிற்றா அந்தச் சொல்லை இங்கிலீசில்தான் சொன்னாள். அது ஷெட்டில் கேட்காத சொல்; அவர் என்ன சொல் என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தார். நான் தமிழில் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்த மனைவி விடிய எழும்பிப் பிக்குமாருக்குச் சோறு போடுகிறாள். ஊர் அவளைக் கும்பிடுகிறது. கிழவருக்குக் குழாயில் சாப்பாடு ஏற்றும்போது அவளுடைய முகத்தில் ஒரு சிறு சிரிப்பு வந்து போனது. பிள்ளை கவனிக்கவில்லை.

அவளை எனக்குத் தெரியும்.

பெப்ரவரி 23, ஞாயிறு

எழுதித்தான் வைப்போம். எழுதாவிட்டால் ஒருநாள் எனக்கே நான் அநியாயக்காரி போலத் தெரியக்கூடும்.

போன வருடம் இங்கே லண்டனில், ஹரோவில் சொந்தக்காரப் பிள்ளை ஒன்றின் கலியாணம். என் தம்பி றூபன் மன்னாரிலிருந்து வந்திருந்தான். அம்மா செத்த பிறகு அவன் என்னோடு சரியாகக் கதைத்ததே இல்லை. நான் வந்து பார்க்காத கோபம் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அந்த நாட்களில் எனக்கு விசா இல்லை, போக ஏலாது, அது அவனுக்கும் தெரியும். பிறகும் ஏன் இந்தக் கோபம்? அன்றைக்கு மண்டபத்தில் மறித்து நேரே கேட்டேன். அவன் சொன்னான்:

"அம்மாவை விடச் சொன்னது நீதானே அக்கா. பிறகு என்ன கதை?"

மன்னார் ஆசுப்பத்திரியில் அம்மாவை மெஷினில் போட்டிருந்தார்கள். கொழும்புக்குக் கொண்டுபோகலாமா, மெஷினை நிற்பாட்டுவதா என்று டொக்டர் கேட்க, அக்காவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று றூபன் எங்கள் வீட்டுக்குப் போன் எடுத்திருக்கிறான். போனை எடுத்தது இவர். நான் கைக்குழந்தையாக இருந்த ஜெனிற்றாவோடு மேல்மாடியில் படுத்திருந்தேன். கூப்பிடவில்லை. கொஞ்சம் பொறுத்து இவரே திருப்பி எடுத்து, "பிறேமினி சொல்லுறா, மனிசியை வதைக்க வேண்டாமாம், விடட்டாம்" என்று சொல்லியிருக்கிறார்.

என் பேரில். என் வாயால்.

எனக்கு அடுத்த நாள் சொன்னது, அம்மா நித்திரையில் போய்விட்டா என்று. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னார். கட்டிப்பிடித்துக்கொண்டு!

லண்டனுக்கு வந்த நாளிலிருந்தே எனக்காக அவர்தான் கதைத்தார். டொக்டரிடம், பள்ளிக்கூடத்தில், கவுன்சிலில். நான் வாயைத் திறக்க முதல் "மை வைஃப் சேஸ்" என்று தொடங்கிவிடுவார். நான் இங்கிலீசு படித்து, பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியையாய் வேலை எடுத்த பிறகும் அப்படித்தான். பழகிப்போய்விட்டது. ஆனால் இது?

அந்த மண்டபத்தில் றூபனுக்கு உண்மையைச் சொல்லவில்லை. சுற்றிவர ஆட்கள். இவர் அங்கே காலை இழுத்து இழுத்து நடந்துபோய்ச் சாப்பாடு எடுத்துக்கொண்டிருந்தார். அதுதான் வருத்தத்தின் தொடக்கம் என்று அப்போது தெரியாது. தெரிந்தபோது நான் ஒன்றே ஒன்று முடிவெடுத்தேன். அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதுவரை போக விடமாட்டேன்.

எத்தனை தரம் கேட்டிருப்பேன். வாயை மூடிக்கொண்டு கிடப்பார். இப்போது நாக்கும் போய்க்கொண்டிருக்கிறது.

மார்ச் 5, புதன்

விபூதிப் புதன், எங்கள் கத்தோலிக்கர் தவக்காலம் தொடங்கும் நாள். அஞ்சலீனா அக்கா, எங்கள் தமிழ்ப் பூசையை நடத்தும் குழுவின் தலைவி, கோயில் வாசலில் எம்.பி.க்கு அனுப்பும் கடிதத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு நின்றா. சாக விரும்புகிறவர்களுக்கு டொக்டர் உதவி செய்யலாம் என்று பாராளுமன்றத்தில் வந்திருக்கும் சட்டத்துக்கு எதிராக. என்னைக் கண்டதும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, வருகிற ஆட்களுக்கெல்லாம், "இந்தப் பிள்ளையைப் பாருங்கோ, மனிசனை எப்பிடிக் கண்ணுக்குள்ள வச்சுப் பார்க்குது" என்று காட்டினா. தவக்காலத்தில் ஒரு ஞாயிறு பூசை முடிய நாலு வார்த்தை பேசச் சொல்லிக் கேட்டா. பார்ப்போம் என்றேன்.

நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்து அவருக்கு முன்னால் நின்றேன். "உங்களை வைச்சு எனக்குப் புகழ் வருது" என்று சொன்னேன். சந்தோசமாக இருந்தது. ஓம், சந்தோசமாகத்தான் இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

தொடரில் இன்றைக்கு நேர்ஸ் பிம் கிழவரிடம் கேட்கிறாள், தாத்தா, உங்களுக்கு என்ன வேணும்? கிழவர் ஒரு விரலை அசைக்கிறார். அவளுக்கு விளங்கவில்லை. மனைவி பக்கத்தில் வந்து, போர்வையை இழுத்து மூடி, "வாழ விரும்புறார், என்னோட இன்னும் கனகாலம்" என்கிறாள். போர்வைக்குக் கீழே அந்த விரல் அசைவதைக் காட்டினார்கள்.

நான் ரீவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ரீவியைப் பார்க்கவில்லை என்று தெரிந்தது. கழுத்துப் பட்டிக்கு மேலால் கண்ணை மட்டும் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெனிற்றா ஒன்றும் அறியாமல், "வாட் எ விற்ச், அப்பா, இல்லையா?" என்றாள்.

மார்ச் 10, திங்கள்

பார்க்கட்டும். நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டு கிடந்தேன், இவ்வளவு வருடமும்.

மார்ச் 16, ஞாயிறு

பிம் ஊசி போட்டுவிட்டாள். கிழவர் செத்துப்போனார். பார்க்கும்போது ஜெனிற்றா அழுதாள். பிறகு அப்பாவின் கையைத் தடவிக்கொண்டே விளக்கம் சொல்லத் தொடங்கினாள்: ஊசி போட்டுச் சாகவைப்பது இங்கேயும் குற்றம்தான், அந்தச் சட்டம் இன்னும் வரவில்லை. ஆனால் வைத்தியத்தை வேண்டாம் என்று சொல்வது வேறு விசயம். அது இப்போதே எல்லாருக்கும் உரிமை. புத்தி தெளிவாக இருக்கிற ஆள் மெஷின் வேண்டாம் என்றால் டொக்டர் கேட்கத்தான் வேண்டும், நோகாமல் மருந்து கொடுத்துக் கழற்றுவார்கள், அது கொலையில்லை. அந்தக் கிழவர் வேண்டாம் என்று சொன்னதை யாராவது கேட்டிருந்தால் ஊசியே தேவைப்பட்டிராது.

"யூ நோ தற், அப்பா? உங்களிட்ட ஒவ்வொரு முறையும் நேர்ஸ் கேக்கிறா தானே?"

அவர் மூச்சு மெஷினுக்குள் ஏதோ சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார்.

"என்ன சொல்லுறார் அம்மா?"

"கால் நோகுதாம். திருப்பி விடட்டாம்."

பிள்ளை எழும்பி, பக்குவமாய்க் காலைத் திருப்பிவிட்டாள்.

அவர் சொன்னது: நான் சொன்னதை ஒருத்தரும் கேக்கேல்லை, மெஷினைக் கழட்டச் சொல்லு.

மார்ச் 20, வியாழன்

அவருடைய பேச்சு இந்தக் கிழமை இன்னும் கீழே போய்விட்டது. 'ற'வும் 'ல'வும் இல்லை. எனக்கே சிலது விளங்கவில்லை. பயமாக இருக்கிறது. அவருக்காக அல்ல. அந்த ஒரு சொல்லைச் சொல்ல நாக்கு இருக்க வேண்டுமே.

வாயைத் துடைக்கும்போது கேட்டேன், இன்றைக்காவது சொல்லுங்கோ என்று. கண்ணை மூடிக்கொண்டார்.

கண்ணை இமைத்து எழுத்துக் காட்டும் கொம்பியூட்டர் ஒன்று தரலாம் என்று ஆசுப்பத்திரியிலிருந்து ஒரு பெண் போனில் சொன்னாள். இப்போது வேண்டாம், அவருக்குக் கண் களைக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 27, வியாழன்

எதிர்பார்க்காத ஒன்று. வீட்டுக்கு வந்து நோயாளிகளைப் பார்க்கும் குழுவில் புதிதாய் ஒரு டொக்டர். கோதை என்று பெயர், மதுரைப் பக்கத்து ஆள். முன்னறைக்குள் வந்ததும் முகமூடிக்கு அருகே குனிந்து, "வணக்கம் ஐயா, நான் கோதை. நல்லா இருக்கீங்களான்னு கேக்க மாட்டேன்" என்றாள். அவருடைய கண் விரிந்த விதம்! கிணற்றுக்குள் விழுந்த ஆளுக்குக் கயிறு கிடைத்ததுபோல.

நான் தேநீர் போட்டுத் தருகிறேன் வாருங்கோ என்றேன். வேண்டாம் என்றாள். அவர் பேசுவது தனக்கு முழுசாக விளங்கவில்லை என்று சொல்லி, ஒரு வழி வைத்தாள்: ஆமா என்றால் மேலே பாருங்கள், இல்லை என்றால் கண்ணை மூடுங்கள். பெயர், ஊர், மாதம் எல்லாவற்றையும் சரியும் பிழையுமாய்ச் சொல்லி, ஆமாவா இல்லையா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் சரியாகக் கண்ணால் சொன்னார். புத்தி பளிங்கு மாதிரி இருக்கு என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"இந்த மெஷின் இல்லாம இருக்கணும்னு நினைக்கிறீங்களா ஐயா?"

அவர் மேலே பார்க்கவில்லை. கண்ணை மூடவும் இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டு வாயால் சொன்னார். எவ்வளவோ கஷ்டப்பட்டு, அவளுக்கும் விளங்கும்படி சொன்னார்:

"அவளைக் கேளுங்கோ."

டொக்டர் என் பக்கம் திரும்பினாள். நான் என்ன சொல்வது? இன்றைக்கு அவருக்குக் களைப்பு, இன்னொரு நாள் கதைப்போம் என்றேன். அவள் அவருடைய கையைத் தட்டி, "அவங்க சொல்ல முடியாது ஐயா. இது உங்ககிட்ட இருந்துதான் வரணும். அடுத்த வியாழக்கிழமை வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஏன் என்னைக் கேட்கச் சொன்னார்? ஒரு பார்வையில் முடிந்திருக்கும். ஏன்?

மார்ச் 28, வெள்ளி

காலையில் கவுன்சில் கெயாரர் வந்து உடம்பு கழுவிப் போனபின், கதவைச் சாத்திவிட்டு அவரிடம் கேட்டேன். நீண்ட நேரம் எடுத்தது. ஒரு சொல், பிறகு மெஷின் மூச்சு, பிறகு ஒரு சொல். விளங்காததைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தேன்.

"ஏன் என்னைக் கேக்கச் சொன்னனீங்கள்?"

"நீதானே எனக்காகக் கதைக்கிறனி. கதை."

பாருங்கள்! படுத்துக் கிடந்துகொண்டு! தன்னைக் கொல்லச் சொன்னவள் நானாக இருக்க வேண்டும். அந்தச் சொல்லும் என் பேரில். செத்தும் என் கழுத்தில் தொங்க வேண்டும்.

கத்தினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். என்ர அம்மாவை என்ர பேரைச் சொல்லிக் கொன்றவர் நீங்கள், மன்னிப்புக் கேளுங்கோ, ஒரு சொல் கேளுங்கோ, நான் உங்களை விட்டுவிடுறன். என்ர தாய். எனக்குச் சொல்லாமல்.

அவர் கண்ணைத் திறந்தபடியே கிடந்தார். பிறகு சொன்னார். முதல் தரமாக இதைப் பற்றி வாயைத் திறந்தார்.

"கொம்மா கண் முழிக்கமாட்டா எண்டு டொக்டர் சொன்னதாம். உன்னைக் கேட்டா நீ விடமாட்டாய். மனிசி கிடந்து வதைபட்டிருக்கும். நான் பிழை விடேல்லை."

"என்ர பேரை ஏன் சொன்னனீங்கள்?"

"உன்ர பேரைச் சொல்லாட்டி அவன் கேட்டிருக்கமாட்டான்."

அவ்வளவுதான். அதுதான் அவருடைய நியாயம். எழும்பிப் போகத் திரும்பினேன். பின்னால் அந்த ஊளைச் சத்தத்தோடு இன்னும் ஏதோ சொன்னார். விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். கோப்பை கழுவும்போது விளங்கியது.

"நான் ஒருக்கா. நீ ஒவ்வொரு நாளும்."

மார்ச் 29, சனி

ஒவ்வொரு நாளும். ஒவ்வொரு நாளும். ஒவ்வொரு நாளும்.

மார்ச் 30, ஞாயிறு

இங்கே இன்றைக்கு அன்னையர் தினம். ஜெனிற்றா மஞ்சள் பூக்கள் வாங்கி வந்து, உலகத்திலேயே பொறுமையான அம்மா என்று கட்டி முத்தமிட்டாள்.

மத்தியானம் தொடர். நீதிமன்றம். பிம் கூண்டில் நிற்கிறாள். அவளுடைய வழக்கறிஞர் மனைவியைப் பார்த்துச் சொல்கிறார்: வேண்டாம் என்று சொல்லக் கிழவருக்கு ஒரு கதவு இருந்தது, அதைச் சாத்தியது நீ, பிறகுதான் இந்தப் பெண் ஜன்னலை உடைத்தாள். ஆனாலும் பிம்முக்குத்தான் சிறை. மனைவி வெள்ளைச் சேலை போன்ற ஏதோ ஒன்றைப் போர்த்திக்கொண்டு விகாரையில் அனுதாபம் வாங்குகிறாள். ஒருவரும் அவளைக் கேட்கவில்லை.

"ஷீ கொற் அவே வித் இற்" என்று பிள்ளைக்கு ஆத்திரம். "அவதான் அம்மா முதல் கொலைகாரி. அந்த நேர்ஸ் இல்லை."

அவர் நித்திரை. அல்லது நித்திரை போலக் கிடந்தார்.

அந்த மனைவிக்கு என்ன கோபம் என்று கடைசிவரை சொல்லவே இல்லை. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. அவளுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும். ஆனால் காரணம் தெரிந்தாலும் ஜெனிற்றா இதையேதான் சொல்லியிருப்பாள் என்று படுகிறது.

ஏப்ரல் 3, வியாழன்

சொல்லிவிட்டேன்.

டொக்டர் கோதை வந்ததும், சப்பாத்துக் கழற்றிய இடத்திலேயே, வாசலிலேயே சொன்னேன். உள்ளே போனால் சொல்லமாட்டேன் என்று தெரியும்.

"அவர் பெப்ரவரியிலேயே மெஷின் வேண்டாம் எண்டு கேட்டவர். நான்தான் மாத்திச் சொன்னனான். நேர்ஸ் வந்த ஒவ்வொரு முறையும்."

அவள் பையைக் கீழே வைத்தாள். ஏன் என்று கேட்பாள், கேட்டால் அம்மாவின் கதையை எங்கே தொடங்குவது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். கேட்கவில்லை.

"மகளுக்குத் தெரியுமா?"

"இல்லை."

"நான் இத பதிவு பண்ணித்தான் ஆகணும். இனிமே நான் அவர்கூட பேசும்போது நீங்க ரூமுக்கு வெளியில இருங்கம்மா."

ஓம் என்றேன்.

இது மன்னிப்பு இல்லை. இதை வாசிக்கிற நான் பிறகு ஒருநாள் இதை மன்னிப்பு என்று மாற்றி நினைத்துவிடக்கூடாது. அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் வெறுப்புத்தான். ஆனால் அவரைப்போல ஒரு ஆளாகச் சாக எனக்குச் சம்மதமில்லை. அவ்வளவுதான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

டொக்டர் பதிந்ததை விசாரிக்கக் கவுன்சிலிலிருந்து ஒரு பெண் வந்து நிறையக் கேள்வி கேட்டாள். மறைக்கவில்லை. ஜெனிற்றாவுக்கு இது வழமையான விசாரணை என்று சொன்னேன். இனி அவருக்காக நான் பேசக்கூடாது. கண்ணால் எழுதும் கொம்பியூட்டரும் வருகிறதாம்.

ஏப்ரல் 10, வியாழன்

டொக்டரும் இன்னொரு நேர்ஸும் முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் குசினியில் இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய சத்தம். டொக்டரின் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு அவருடைய சத்தம். காதைக் கூர்மையாக்கியும் ஒரு சொல் பிடிபடவில்லை. என் வீட்டில், என் புருசன் என்ன சொல்கிறார் என்று தெரியாமல் வெங்காயத்தை உரித்து உரித்து ஒரு சட்டி நிறைத்துவிட்டேன்.

வெளியே வந்த டொக்டர் சொன்னாள்: அவர் தெளிவாக இருக்கிறார். மெஷின் வேண்டாம் என்கிறார். பெரிய வெள்ளியும் ஈஸ்டரும் போகட்டும் என்கிறார். மகளோடு தான் பேசுவதாகச் சொன்னாள்.

கேட்கக்கூடாது என்று இருந்தேன். கேட்டுவிட்டேன்.

"என்னைப் பற்றி என்ன சொன்னவர்?"

அவள் பொய் சொல்ல யோசித்தாள். முகத்தில் தெரிந்தது. பிறகு சொன்னாள்:

"உங்களப் பத்தி ஒண்ணும் சொல்லலம்மா."

முறைப்பாடு வைத்திருந்தால் தாங்கியிருப்பேன். திட்டியிருந்தாலும்.

ஏப்ரல் 23, புதன்

கோயில் சுவாமி வந்து எண்ணெய் பூசி நோயில்பூசுதல் கொடுத்தார். ஜெனிற்றா பயந்து பயந்து கேட்டாள், இது பாவமா என்று. இல்லை பிள்ளை, பாரமாகிப்போன வைத்தியத்தை ஒருவர் வேண்டாம் என்பது பாவமில்லை, திருச்சபை அப்படிச் சொல்லவில்லை, உயிரை எடுப்பது வேறு, போக விடுவது வேறு என்று சுவாமி சொன்னார்.

இதை நான் முதலே கேட்டிருக்கலாம். கேட்டால் இப்படித்தான் சொல்லுவார் என்று தெரிந்துதான் கேட்கவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

காலையில் டொக்டரும் நேர்ஸும் வந்தார்கள். முதலில் மருந்து. அது அவரைத் தணித்து நித்திரைக்குக் கொண்டுபோகும் என்றார்கள். மருந்து ஏற முதல் டொக்டர் கடைசியாக ஒருதரம் கேட்டாள். நான் கதவடியில் நின்றேன், உள்ளே வா என்று ஜெனிற்றா இழுத்ததால். அவர் மேலே பார்த்தார். நன்றாக, நெடுநேரம், கூரையைத் துளைப்பதுபோல மேலே பார்த்தார்.

பிறகு மகளைப் பார்த்தார். அவள் குனிந்து நெற்றியோடு நெற்றி வைத்தாள். எனக்கும் ஒரு முறை வரும் என்று காத்திருந்தேன். இமை மூடிக்கொண்டது. மருந்தோ, அவரோ.

முகமூடியைக் கழற்றினார்கள். மூக்கில் பட்டி அழுத்திய சிவப்புத் தடம். அந்த மெஷின் சத்தம் நின்ற பிறகுதான் அது எவ்வளவு சத்தம் என்று தெரிந்தது. அவர் திணறவில்லை. மூச்சு நீண்டு, இடைவெளி விட்டு, பிறகு வரவில்லை. ஜெனிற்றா கத்தினாள். நான் கால்மாட்டில் நின்று போர்வையைச் சரிசெய்தேன்.

அம்மாவும் இப்படித்தான் போயிருப்பாவோ? நோகாமல்? இதைத்தான் அவர் சொன்னாரோ?

இருந்தாலும் என்னைக் கூப்பிட்டிருக்கலாம். படிக்கட்டடியில் நின்று ஒரு தரம் கூப்பிட்டிருக்கலாம்.

மே 7, புதன்

அடக்கம் முடிந்தது. மழை. அஞ்சலீனா அக்கா எல்லாருக்கும் முன்னால் என்னைப் பிடித்துக்கொண்டு அழுதா. சவுத்தாலிலிருந்து வந்த இவருடைய ஷெட் சிநேகிதர்கள், உங்களைப்போல ஒருத்தி கிடைக்க அவன் என்ன புண்ணியம் செய்தான் என்றார்கள். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். துக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

மே 10, சனி

றூபனுக்கு நானே போன் எடுத்தேன். அம்மாவை விடச் சொன்னது நான் இல்லை, என்னைக் கேட்கவே இல்லை, எனக்குத் தெரியாது என்று சொன்னேன். மன்னாரில் காகம் கத்துவது கேட்டது. ஏன் கலியாணத்திலேயே சொல்லவில்லை என்று கேட்டான். புருசனை விட்டுக்கொடுக்க ஏலாமல் இருந்தது என்றேன். அழுதான். பிறகு கேட்டான்:

"அத்தானை மெஷினிலயிருந்து எடுக்கச் சொன்னது ஆர் அக்கா? நீயோ?"

"இல்லை. அவரே சொன்னவர்."

மே 11, ஞாயிறு

ரீவி போடவில்லை. கட்டிலையும் கொண்டுபோய்விட்டார்கள், முன்னறை வெறுமையாகக் கிடக்கிறது. ஜெனிற்றா தரையில் இருந்து அப்பாவின் மருந்துப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்:

"அம்மா, அப்பா எப்ப இருந்து கேட்டவர்?"

எனக்கு வழி இருந்தது. அவர் சொன்னதை விளங்கிக்கொண்ட ஆள் உலகத்தில் நான் ஒருத்திதான். டொக்டர் வாய் திறக்கமாட்டாள். ஈஸ்டருக்குக் கொஞ்சம் முந்தி என்று சொன்னால் அத்தோடு முடிந்தது.

"பெப்ரவரியிலயிருந்து" என்றேன்.

"பட் நீங்கள் நேர்ஸிட்ட சொன்னது…"

"ஓம். மாத்திச் சொன்னனான்."

அவளுடைய கை பெட்டியில் நின்றது. கால் நோகிறது என்று நான் சொன்ன அந்த ஞாயிறு பற்றிக் கேட்டாள். அதையும் சொன்னேன். என் அம்மாவைப் பற்றியும், போனைப் பற்றியும் எல்லாம் சொன்னேன். முழுதும் கேட்டாள். கேட்டு முடிய, "அப்பா செய்தது பிழை" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா அவர் எனக்கு முன்னால கிடந்து கேட்டவர், அம்மா. நான் காலைத் திருப்பி விட்டனான்" என்றாள்.

மே 13, செவ்வாய்

ஜெனிற்றா ஹரோவில் சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை போடவில்லை. வெளிக்கிடும்போது, மருந்துப் பெட்டிகளைத் தான் மருந்துக்கடையில் ஒப்படைத்துவிட்டதாகச் சொன்னாள்.

போகும்போது முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் எனக்குப் பழக்கம். ஹரோக் கலியாணத்துக்குப் பிறகு குளியலறைக் கண்ணாடியில் பார்த்த முகம்.

மே 24, சனி

முப்பத்தோராம் நாள் பூசை. வீட்டுக்கு வரமாட்டேன், கோயிலுக்கு வருவேன் என்று ஜெனிற்றா எழுதியிருந்தாள். வந்தாள். கறுப்புச் சட்டை, மெலிந்து போயிருந்தாள். பக்கத்தில் ஒரு இடம் விட்டு இருந்தாள். அஞ்சலீனா அக்கா பேசச் சொல்லிக் காதுக்குள் கேட்டா. மாட்டேன் என்றேன், காரணம் சொல்லவில்லை.

சுவாமி சமாதானம் பரிமாறச் சொன்னபோது ஜெனிற்றா முன்வாங்கில் திரும்பியவர்களுக்குக் கை கொடுத்தாள். பின்னால் இருந்த கிழவருக்குக் கொடுத்தாள். பிறகு விட்டிருந்த அந்த இடத்தைத் தாண்டி எனக்கும் கையை நீட்டினாள்.

"சமாதானம்" என்றாள்.

மற்ற ஆட்களுக்குக் கொடுத்த மாதிரியே கொடுத்தாள். நான் பிடித்தேன்.